ஒரு நட்சத்திரத்துக்கு மூன்று பூ

முதல் நட்சத்திரம் விழுந்தபோது நாங்கள் மூன்று பேரும் செம்மண் பாதையில் பாய் விரித்து மல்லாந்து படுத்திருந்தோம். நடுவில் என் மனைவி சரோஜா. அவளுக்கு இடப்பக்கம் நான். வலப்பக்கம், மரியாதைக்கு இரண்டு முழம் தள்ளி, என் நண்பன் அந்தோணி.

அது தலைக்கு மேலே தொடங்கி, தெற்கே சரிந்து, பாதி வழியிலேயே அணைந்துபோனது. அத்தனை வேகமாகப் போகிற ஒன்று சத்தமே போடாமல் போனது எனக்கு ஏதோ குறை மாதிரி பட்டது.

“ஒண்ணு,” என்றேன் நான்.

“மல்லி, முல்லை, கனகாம்பரம்,” என்றாள் சரோஜா.

“மாதாவே,” என்று அந்தோணி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்ததால் சிரிப்பு வந்துவிட்டது. சரோஜாதான் அதிகம் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் என் இடது காதில் இல்லை, வலது காதில்தான் இருக்கிறது. அவள் படுத்திருந்த பக்கம் அது.

பூ பெயர் எதற்கு

எரிநட்சத்திரம் விழுவதைப் பார்த்துவிட்டால் சும்மா இருக்கக்கூடாது என்பது சரோஜா வீட்டு வழக்கம். பார்த்த உடனே மூன்று பூவின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மறதி வந்துவிடும். சில வீடுகளில் பச்சை மரத்தைப் பார்க்கச் சொல்வார்கள். சில வீடுகளில் ஐந்து பூ. அவர்கள் வீட்டில் மூன்று.

நான் படித்தவன். விழுவது நட்சத்திரமே அல்ல, பயறு அளவுகூட இல்லாத தூசி, காற்றில் உரசி எரிகிறது என்று கல்யாணமான புதிதில் அவளுக்கு விளக்கியிருக்கிறேன்.

“தூசியாவே இருக்கட்டும். மூணு பூ பேரு சொல்றதுல உங்களுக்கு என்ன நட்டம்?” என்று கேட்டாள்.

அந்தோணி வீட்டு வழக்கம் வேறு. அவர்கள் கத்தோலிக்கர்கள். ஒரு நட்சத்திரம் விழுந்தால் ஓர் ஆத்மா மோட்சம் போகிறது என்று அவன் அம்மா சொல்வாராம். சிலுவை போட்டுக்கொண்டால் போதும். “எங்களுது சுலபம் லா. கை மட்டும் இருந்தா போதும். உங்களுக்குத்தான் மூளை வேணும்,” என்றான். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தவன் போல உடனே கொசுவத்தியைச் சரிசெய்யப் போனான்.

இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள், வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ விழக் கண்டவர்கள். ஒரே இரவில் வரிசையாக, மூச்சு விடுவதற்குள் அடுத்தது என்று விழும் என அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். நானும் நினைக்கவில்லை. எதைக் கண்டாலும் எண்ணுகிறவன், மாடிப்படியை எண்ணுகிறவன், சாப்பாட்டுத் தட்டில் அப்பளத்தை எண்ணுகிறவன், இந்த ஒரு பெருக்கலை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை.

இருட்டு எங்கே கிடைக்கும்

நாங்கள் இருப்பது தீவில், பாயான் பாருவில், ஒன்பதாவது மாடியில். துணி காயப்போடும் பின்பக்கத்தில் நின்று பார்த்தால், மழை கழுவிவிட்ட நல்ல இரவில் ஏழு நட்சத்திரம் தெரியும். அதில் ஒன்று பாயான் லெப்பாஸில் இறங்கப்போகிற விமானமாக இருக்கும். ஆக ஆறு.

மீதி வானத்தைத் தொழிற்சாலைகள் எடுத்துக்கொண்டன. அவற்றின் விளக்குகள் அணைவதில்லை. குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அந்த வெளிச்சத்தில்தான் சோறு தின்றேன். தரச் சோதனைப் பிரிவு. தட்டில் அடுக்கி வரும் கணினிச் சில்லுகளை உருப்பெருக்கியில் பார்த்து, நல்லது எத்தனை, பழுது எத்தனை என்று எண்ணுவது வேலை.

அதில் பாதி இரவு ஷிப்ட். அதனால் இரவைப் பார்த்துப் பழகியவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஜன்னல் இல்லாத கூடம். வெளியே வெளிச்சம் இருக்கும்போது உள்ளே போவோம், வெளிச்சம் வந்த பிறகு வெளியே வருவோம். என் இளமையின் இரவுகள் அத்தனையும் குழல்விளக்குக்கு அடியில் போயின.

சென்ற டிசம்பரில் ஒருநாள் பேப்பரில் பார்த்தேன். மிதுன ராசி இருக்கிற பக்கமிருந்து எரிநட்சத்திரங்கள் மழை மாதிரி விழப்போகின்றன, இருட்டான இடத்தில் இருப்பவர்கள் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம் என்று போட்டிருந்தது. சமையலறைக்குப் போய்ச் சரோஜாவிடம் சொன்னேன்.

“எத்தன விழும்?” என்று கேட்டாள்.

“நிறைய.”

“நீங்க எப்பங்க நிறையன்னு சொல்லியிருக்கீங்க? எத்தனன்னு சொல்லுங்க.”

“மேகம் இல்லன்னா நாப்பது அம்பது பாக்கலாம்.”

அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். உதடு லேசாக அசைந்தது. பிறகு, “சரி, போவோம்,” என்றாள்.

ஆசைப்பட்டுத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

இருட்டு வேண்டுமென்றால் அந்தோணியைத்தான் கேட்க வேண்டும். முன்பு தொழிற்சாலை பஸ் ஓட்டியவன் என்று நான் எழுதிவரும் இந்தத் தொடரில் முன்பே சொல்லியிருக்கிறேன். தீவிலும் பெருநிலத்திலும் அவனுக்குத் தெரியாத சந்து கிடையாது. அவன் மச்சான், பெருநிலத்தில் நிபோங் திபாலுக்கு அப்பால் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர்.

“செம்பனைக் காட்டுல வானம் எங்கடா தெரியும்? ஓலைதான் தெரியும்,” என்றேன்.

“அண்ணே, அந்தப் பக்கம் இப்ப மறுநடவு லா. கெழட்டு மரத்த எல்லாம் சாச்சுப் போட்டுட்டானுங்க. புதுக் கன்னு இன்னும் முட்டி ஒசரம்கூட வரல. மொட்டையாக் கெடக்கு. மச்சான்கிட்ட சொல்லி கேட்டைத் தொறந்து வைக்கச் சொல்றேன்.”

நான் இரண்டு பாய், மூன்று போர்வை, கொசுவத்தி, கொசுத் தைலம், குடை, பிளாஸ்கில் கோப்பி, பிஸ்கட் டின், இரண்டு டார்ச், பாம்புக்கு ஒரு கம்பு என்று எடுத்துக் கீழே இறங்கினேன். வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு அந்தோணி பார்த்தான்.

“அண்ணே, நட்சத்திரம் பாக்கப் போறமா, வீடு மாத்திக்கிட்டுப் போறமா?”

“ஸ்பேர் டயருக்குக் காத்து இருக்கா?”

“இருக்கு லா.”

“பாத்தியா?”

“அண்ணி, இவர எப்பிடி அண்ணி இத்தன வருசம்?” என்று அவன் சரோஜாவைக் கேட்டான்.

“காதுல விழாத மாதிரி இருந்துருவேன் தம்பி,” என்றாள் அவள்.

தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் இரண்டாவது பாலத்தில் விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். அந்தோணி பேசிக்கொண்டே வந்ததில் நடுவில் விட்டுப்போயிற்று.

குட்டைக் கை

சரோஜா, லிட்டில் இந்தியாவில் கோயில் தெருவை ஒட்டிப் பூக்கடை வைத்திருந்தவரின் மகள். அவள் அப்பா விடியுமுன்னே மூட்டையைப் பிரிப்பார். அம்மா தொடுப்பார். முழம் போட்டுக் கொடுப்பது சரோஜா.

ஆயுத பூசைக்கு எங்கள் பிரிவில் பூ வாங்கப் போவது என் பொறுப்பு. அந்தோணியின் பஸ்ஸுக்கும் சேர்த்துத்தான் வாங்குவேன். ஓட்டுகிறவன் கத்தோலிக்கனாக இருந்தாலும் ஏறுகிறவர்கள் விடமாட்டார்கள். அவனும் கழுத்தில் சிலுவையோடு நின்று எலுமிச்சம்பழத்தின் மேல் பஸ்ஸை ஏற்றுவான்.

அப்படிப் போன ஒருநாள், அவள் அளந்து போட்ட சரத்தை வாங்கி, நின்ற இடத்திலேயே பூவை எண்ணினேன். பக்கத்துக் கடை முழத்தைவிடக் குறைவாக இருந்தது. சொன்னேன்.

“உங்க கை குட்டை,” என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்ப நீளக் கை உள்ளவளாப் பாத்து வாங்குங்க,” என்றாள்.

அடுத்த வருடமும் அங்கேயேதான் போனேன். அதற்கடுத்த வருடம் எங்களுக்குக் கல்யாணமாகிவிட்டது.

அந்தக் கடையின் வாசனையில் வளர்ந்தவள். எந்தப் பூ எப்போது வரும், எது மலையிலிருந்து லாரியில் வரும், எது விமானத்தில் ஐஸ் பெட்டியில் வரும், எது எந்தச் சாமிக்கு ஆகாது, எல்லாம் தெரியும். மார்க்கெட்டுக்கு ஒன்றாகப் போனால், தூரத்தில் வரும்போதே “இன்னைக்கு சம்பங்கி வந்திருக்கு” என்பாள். எனக்கு மீன் வாடைதான் தெரியும்.

கூட்டிப் பார்க்காதது

எப்போது தொடங்கியது என்று கேட்டால், தேதியாகச் சொல்ல முடியாது. ரைஸ் குக்கரில் தண்ணீர் மட்டும் ஊற்றிப் பொத்தானை அழுத்தினாள். எங்கள் மாடி என்று நினைத்து ஏழாவது மாடியில் இறங்கி, அங்கே இருந்த சீன அம்மாவின் கதவைத் தட்டினாள். கிள்ளானில் இருக்கும் மகள் கவிதாவுக்கு ஒரே காலையில் இரண்டு முறை போன் செய்து ஒரே விஷயத்தைச் சொன்னாள்.

ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. குக்கர், அன்றைக்கு அவளுக்குத் தலைவலி. லிப்டில் ஏழின் விளக்கும் ஒன்பதின் விளக்கும் மங்கலாக எரிகின்றன, நானே புகார் கொடுத்திருக்கிறேன். போன், முதல் முறை லைன் சரியில்லை. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எதிலும் பழுது இல்லை. வாழ்நாளெல்லாம் கூட்டல் போட்டவன், இவற்றை மட்டும் கூட்டிப் பார்க்கவில்லை.

தீபாவளிக்கு வந்திருந்த கவிதா என்னைத் தனியாகப் பின்பக்கம் கூப்பிட்டாள்.

“அப்பா, அம்மாவ ஹாஸ்பிட்டல்ல காட்டுங்க. இதுக்குன்னு தனி டாக்டர் இருக்காங்க.”

“எதுக்கு? வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்.”

“உங்களுக்கு வரலியே?”

“மெதுவாப் பேசு. அவ காதுல விழுந்தா மனசு ஒடஞ்சிரும்.”

அன்றையிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். ‘மறந்துட்டியா’ என்ற சொல் யார் வாயிலும் வரக்கூடாது. அவள் எதையாவது தேடினால் நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன். பேச்சில் பெயர் வராமல் நின்றால் நானே நிரப்பிவிடுவேன். அவளைக் காப்பாற்றுவதாக நினைப்பு. அந்தோணிக்கும் சொல்லி வைத்திருந்தேன். சரோஜாவிடம் அவள் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

சொன்ன பூ செல்லாது

தோட்டத்தில் நல்ல இருட்டு. வடக்கே ஊர் இருக்கிற இடத்தில் ஒரு சாம்பல் திட்டு, அவ்வளவுதான். சாய்த்த மரங்களைத் துண்டு துண்டாகச் சீவிப் போட்டிருந்தார்கள். அதிலிருந்து புளித்த மாவு மாதிரி ஒரு வாசனை வந்துகொண்டிருந்தது. தவளைச் சத்தம். வானத்தில் எண்ண முடியாத அளவுக்கு நட்சத்திரம். ‘எண்ண முடியாத’ என்று நான் எழுதுவது இந்தத் தொடரில் இதுதான் முதல் முறை.

தொடக்கத்தில் மெதுவாகத்தான் விழுந்தன. ஒன்று விழுந்து, நாங்கள் அதைப் பற்றிப் பேசி, கோப்பி குடித்து, பிறகுதான் அடுத்தது. அந்தோணி அடிக்கடி போனைப் பார்த்தான். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாகும், போனை ஒருமுறை பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று திட்டினேன்.

“செவ்வந்தி, சம்பங்கி, அரளி,” என்றாள் சரோஜா இரண்டாவதற்கு.

“அண்ணி, ஒண்ணு கேக்கறேன்,” என்றான் அந்தோணி. “சொன்ன பூவையே திருப்பித் திருப்பிச் சொன்னா சாமி ஒத்துக்குமா?”

“யாரு தம்பி திருப்பிச் சொன்னா? பூக்கடைக்காரர் மகளா?”

“அப்ப இன்னைக்கு ராத்திரி சொன்ன பூ செல்லாது. ஓகேயா?”

“ஓகே. விடியறவரைக்கும் வேணும்னாலும் சொல்லுவேன்.”

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. நான் நட்சத்திரத்தை ஒரு கையிலும் பூவை மறு கையிலும் எண்ணத் தொடங்கினேன். ரோஜா, தாமரை, தாழம்பூ. செண்பகம், மகிழம்பூ, பிச்சி. நந்தியாவட்டை, செம்பருத்தி, கோழிக்கொண்டை. வாடாமல்லி, டிசம்பர் பூ, அல்லி. ஒவ்வொரு மூன்றுக்கும் அந்தோணி “ஷாபாஷ் லா” என்று கை தட்டினான். சரோஜா குரல் அந்த நேரத்தில் கடைத்தெருக் குரல் ஆகியிருந்தது. அப்படி ஒரு குரலை நான் கேட்டுப் பல வருடம்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கவிதாவுக்குப் போன் போட்டு, “உங்கம்மா சொன்னதக் கேட்டியா?” என்று சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

நள்ளிரவு தாண்டியதும் மிதுனம் நன்றாக மேலே ஏறிவிட்டது. விழுவது கூடிப்போயிற்று. ஒன்றுக்குச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று. சில சமயம் இரண்டு சேர்ந்தாற்போல.

“சங்குப்பூ... எருக்கு... இரு, இரு, சொல்லிட்டுத்தானே இருக்கேன்,” என்றாள் சரோஜா. எங்களிடம் இல்லை, வானத்திடம்.

“புங்கா ராயா?” என்றான் அந்தோணி.

“அதுதானே தம்பி செம்பருத்தி. அது சொல்லியாச்சு.”

“லக்சா சூப்புல அரிஞ்சு போடுவாங்களே, புங்கா கந்தான், அது கணக்குல வருமா?”

“பூதானே. வரட்டும்.” சிரித்தாள். ஆனால் மூச்சு வாங்கியது. அடுத்தது விழுந்தது. “மல்லி,” என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்தோணியும் திறக்கவில்லை. மல்லி முதலிலேயே வந்துவிட்டது.

அடுத்ததற்கும் கொஞ்ச நேரம் யோசித்து, புதிதாகக் கண்டுபிடித்தவள் போல, “மல்லி!” என்றாள். அந்தோணி அவசரமாக, “ஷாபாஷ் லா அண்ணி,” என்றான்.

மீண்டும் ஒன்று, பச்சையும் வெள்ளையுமாகப் பெரிதாக, அந்த இரவிலேயே பெரியது, வானத்தின் பாதியைக் கீறிக்கொண்டு போனது. நாங்கள் மூவரும் ஒருசேர மூச்சை இழுத்தோம்.

“மல்லி,” என்றாள் சரோஜா.

“மல்லி நாலு தடவை ஆச்சு, சரோஜா,” என்றேன்.

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். தட்டில் பழுதைக் கண்டதும் தலையை நிமிர்த்தாமல் சொல்கிற குரல். கோபம் இல்லை, இளக்காரம் இல்லை, எண்ணிக்கை மட்டும்தான். எண்ணிக்கையாக மட்டும் இருந்ததுதான் தப்பு. அந்த ஒரு வரியை வாய்க்குள்ளேயே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன். ஒன்றும் ஆகியிருக்காது. அவள் விடியும்வரை மல்லி, மல்லி என்று சொல்லிக்கொண்டே சந்தோஷமாகப் படுத்திருப்பாள்.

கோப்பி எடுக்கப் போனவன்

ஒரு நட்சத்திரம் விழுந்தது. அதற்குப் பூ வரவில்லை. இன்னொன்று விழுந்தது. அதற்கும் இல்லை.

சரோஜா எழுந்து உட்கார்ந்தாள். போர்வையை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

“கோப்பி எடுத்துட்டு வரேன்,” என்று அந்தோணி வேன் பக்கம் நடந்தான். பிளாஸ்க் எங்கள் தலைமாட்டில்தான் இருந்தது. அது அவனுக்கும் தெரியும்.

“குளிருதா?” என்று கேட்டேன்.

“இல்ல. பாக்கல. போதும்.”

“இப்பத்தான் நல்லா விழுது. இதுக்குத்தான இவ்வளவு தூரம் வந்தோம்.”

“பாத்தா பூ சொல்லணும். வரமாட்டேங்குது.”

“வயசானா எல்லாருக்கும்...”

“சொல்லாதீங்க,” என்றாள். சத்தமாக இல்லை. “இதையேதான் சொல்லிட்டிருக்கீங்க. நான் எதுக்கு வந்தேன் தெரியுமா? ஒவ்வொண்ணாப் போவுது. எனக்குத் தெரியுது. பூ பேராச்சும் மிச்சம் இருக்கான்னு பாக்கத்தான் வந்தேன்.”

சமையலறையில் கரண்டியோடு நின்று உதட்டை அசைத்தது அதற்குத்தான். நாற்பது ஐம்பது விழும் என்று நான் சொன்னதும், எத்தனை பூ வேண்டியிருக்கும் என்று அவள் அங்கேயே கணக்குப் போட்டுவிட்டாள்.

“தெரியுமா உனக்கு?” என்று கேட்டேன். எவ்வளவு மடத்தனமான கேள்வி.

“எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? உங்க கிட்ட எப்பிடிச் சொல்றது? நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீங்களே எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துர்றீங்க.”

நான் போட்ட சட்டம் அவளைக் காப்பாற்றவில்லை. அந்த ஒன்பதாவது மாடி வீட்டில் அவளைத் தனியாக உட்கார வைத்திருக்கிறது. பக்கத்திலேயே நான் இருந்துகொண்டு, எதையும் பார்க்காதவன் மாதிரி நடித்து, அவளையும் நடிக்க வைத்திருக்கிறேன்.

புது வருடம் பிறந்த பிறகு மருத்துவமனைக்குப் போனோம். எங்கள் மகள் வயதுகூட இல்லாத ஒரு மலாய் டாக்டர். “எப்போதிலிருந்து?” என்று கேட்டார். மாதவாரியாகச் சொல்லக்கூடியவன் நான்தான். ஆனால் என்னை முந்திக்கொண்டு சரோஜாவே மலாயில் சொன்னாள், ஒன்றும் விடாமல். அவள் சொன்னதில் எனக்குத் தெரியாதவை நிறைய இருந்தன. இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாமே என்றார் டாக்டர். அன்பாகத்தான் சொன்னார். மாத்திரை கொடுத்தார். நோயைத் திருப்பி அனுப்பாது, நடையைக் கொஞ்சம் மெதுவாக்கும் என்றார். கவிதாவிடம் போனில் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த இரவுக்கே திரும்புகிறேன்.

“வேனுக்குப் போயிருவோமா?” என்றேன்.

அவள் போர்வைக்குள்ளிருந்தே கேட்டாள். “இதுவரைக்கும் எத்தன விழுந்துச்சு?”

“முப்பத்தேழு.”

“எல்லாத்தையும் பாத்தீங்களா?”

“பாத்தேன். எண்ணுனேனே.”

“ஒண்ணுக்காவது பூ பேரு சொன்னீங்களா?”

நான் சொல்லவில்லை. அது அவள் வீட்டு வழக்கம், எனக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். “அதெல்லாம் நம்பிக்கைதானே சரோஜா,” என்றேன்.

போர்வை விலகியது. இருட்டுக்குப் பழகியிருந்த கண்ணுக்கு அவள் முகம் நன்றாகவே தெரிந்தது. பயந்துபோயிருந்தாள். தனக்காகப் பயந்த முகம் இல்லை அது.

“முப்பத்தேழு பாத்துட்டு சும்மா இருந்திருக்கீங்களே. எனக்குத்தான் போவுது. உங்களுக்கும் போயிருச்சுன்னா, என்னை யாருங்க ஞாபகம் வச்சிருப்பா?”

தூசி, காற்று, உரசல் என்று கல்யாணமான புதிதில் சொன்னதை மறுபடி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“இப்ப சொன்னா சரியாப் போயிருமா?” என்று கேட்டேன்.

“சொல்லுங்க. இனி விழறதுக்காவது சொல்லுங்க.”

மேற்கே சின்னதாக ஒன்று கீறிக்கொண்டு போனது. அவள் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மல்லி,” என்றேன்.

ஒரு விரலை மடக்கினாள்.

அத்தனை நேரம் அவள் சொன்ன பூக்களை எண்ணியிருந்தேன். எத்தனை என்று கேட்டால் சொல்லிவிடுவேன். என்னென்ன என்று மட்டும் வரவில்லை.

“மருக்கொழுந்து.”

“அது பூ இல்லீங்க. கொழுந்து.”

“ரோஜா.”

இரண்டாவது விரலை மடக்கினாள். மூன்றாவது விரலை நீட்டியபடி காத்திருந்தாள். பூக்கடைக்காரர் மகளோடு இத்தனை வருடம் வாழ்ந்தவன், வாயைப் பாதி திறந்தபடி மூன்றாவது பூவைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்தது விழுந்துவிட்டது.